கடைசி இரண்டு வரிகள்

9.11.2009, திங்கள், மாலை 6.40.

ஆறாம் நம்பர் மெஷினில் பட்டியல் பக்கம் திறந்தது. தலைப்பு இருந்தது. கோடு போட்ட அட்டவணையும் இருந்தது. அதற்குள் ஒரு பெயர்கூட இல்லை. கீழே, சின்ன எழுத்தில்: "மொத்தம்: 0".

சனிக்கிழமை மாலை நான் கிளம்பும்போது அந்த இடத்தில் 143 என்று இருந்தது. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

ரத்தம் கொடுக்கச் சம்மதித்துப் பெயரும் ரத்த வகையும் போன் நம்பரும் கொடுத்த நூற்று நாற்பத்து மூன்று பேர். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் எங்கள் வகுப்பே வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிய விவரங்கள். அதை வலைத்தளமாகச் செய்தவன் நான். என் பெயர் லோகநாதன். பகலில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடைச் சீட்டு எழுதுகிறேன். மாலையில் ராயபுரத்தில் ஃப்ளோரா மிஸ் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்கிறேன். நடந்ததை என் இஷ்டத்துக்கு எழுதினால் எங்காவது என்னைக் காப்பாற்றிக்கொள்வேன். அதனால் நேரப்படி எழுதுகிறேன்.

ஃப்ளோரா மிஸ் வந்து திரையைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

"பேப்பர்ல எழுதி வாங்கின ஃபாரம் இருக்குமே மிஸ்?"

"சனிக்கிழமைதான் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு…" மிஸ் வாக்கியத்தை முடிக்கவில்லை. "தானா போகாது லோகநாதன். யாரோ அழிச்சிருக்காங்க. யாருன்னு கண்டுபிடி."

அவர் என்னைக் கேட்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மாலை 7.05. தளத்தில் யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், நேரத்தையும் கேட்ட மெஷினின் எண்ணையும் தளம் ஓடுகிற ஆறாம் நம்பர் தானாக ஒரு பதிவில் எழுதிக்கொள்ளும். அது பல பக்கங்கள் நீண்டது. அதிலிருந்து 'நீக்கு' வரிகளை மட்டும் பிரித்தெடுத்துத் தாளில் அட்டவணை போட்டேன். ஞாயிறு காலை 10.14 முதல் 10.22 வரை. நூற்று நாற்பத்து மூன்று நீக்கங்கள். அத்தனையும் நாலாம் நம்பர் மெஷினிலிருந்து.

மாலை 7.20. வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஞாயிறு காலை மிஸ் பூசைக்குப் போய்விடுவார். பயிற்சி செய்ய விரும்புபவர் சாவி வாங்கிக்கொள்ளலாம். அன்று ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். "அலெக்ஸாண்டர், மெஷின் 4, 9.30 – 10.40." பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே, "காலி சிடி 1 எடுத்தேன்."

அலெக்ஸாண்டர் அண்ணனுக்கு முப்பத்து நான்கு வயது. வகுப்பில் மூத்தவர். காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை. ரூபியில் தளம் கட்டும் முறைக்கு ரெயில்ஸ் என்று பெயர் என மிஸ் சொன்ன முதல் நாளே, "மொத ரயிலு வுட்ட ராயபுரத்துல குந்திகினு ரெயில்ஸ் கத்துக்காம வேற இன்னாத்த கத்துக்கறது" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தவர். எண்ணூர் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் அவருக்கு கேட் கிளார்க் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். பதினாறாம் தேதி சேர வேண்டும். அதற்கு எங்கள் சென்டர் சர்டிபிகேட் வேண்டும்.

மாலை 7.30.

"ஞாயித்துக்கிழமை நாலாம் நம்பர்ல நீங்கதானே?" என்றார் மிஸ்.

"ஆமா மிஸ்."

"பத்தேகாலுக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அலெக்ஸாண்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மிஸ் தலைக்கு மேல் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார். 'அடுத்தவர் புராஜெக்டைக் காப்பி அடித்தால் சர்டிபிகேட் கிடையாது.'

"அத்த மட்டும் கேக்காதீங்க மிஸ். ஆனா நான் அழிக்கல. மாதா மேல சத்தியமா."

"அப்போ பேய் வந்து அழிச்சுதா?"

"லோகு, நீ சொல்லு மாமு. நான் அந்த மாதிரி ஆளா?"

நான் அட்டவணையை அவர் பக்கம் நகர்த்தினேன். நேரம், மெஷின், ஆள், மூன்று பத்திகள். அடியில் சிவப்பு மையில் கோடிட்டு, "முடிவு: அலெக்ஸாண்டர்".

அவர் நிதானமாகப் படித்தார். "நல்லா கோடு போட்டுகீற நைனா" என்றார். சிரிக்கவில்லை.

புதன்கிழமை ஏழு மணிக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் சர்டிபிகேட் கிடையாது, யார்டுக்கும் போன் செய்து சொல்லிவிடுவேன் என்றார் மிஸ்.

10.11.2009, செவ்வாய், மாலை 6.10.

வகுப்பு தொடங்குமுன், எங்களோடு படிக்கும் ஜஹானாரா அக்கா வந்து என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதே யார்டில் மூன்று வருடமாக கேட் பதிவேடு எழுதுகிறவர். அலெக்ஸாண்டர் அண்ணனுக்கு வேலை சொல்லி வைத்ததும் அவர்தான்.

"உன் அட்டவணைய பாத்தேன் லோகு. அழகா கீது. முழுப் பதிவையும் காட்டு."

"தேவையானதை எல்லாம் அதுல எடுத்துட்டேன் அக்கா."

"தேவையில்லாததத்தான் பாக்கணும்."

காட்டினேன். அவர் திரையில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறங்கினார். லாரி நம்பர் பார்க்கிற விரல் அது. அவசரப்படவில்லை.

"ஒரு நீக்குக்கும் அடுத்த நீக்குக்கும் நடுவுல எவ்ளோ நேரம்?"

"மூணு செகண்டு. சில சமயம் நாலு."

"நீக்குன்னு அழுத்தினா 'நிச்சயமா?'ன்னு ஒரு பொட்டி வருமே?"

"வரும். நான்தான் வெச்சேன்."

"ஒண்ணு பண்ணு. சும்மா ஒரு பேர் போடு. நாலாம் நம்பர்ல போய் அழிக்கறேன். நீ மணி பாரு."

நாலாம் நம்பரின் மவுஸ் இழுத்தால் பாதியில் நிற்கும். பெட்டி வந்து, 'சரி' அழுத்தி, பட்டியல் மறுபடி வர பதினோரு செகண்டு ஆனது.

"நூத்தி நாப்பத்தி மூணு தபா, தப்பே பண்ணாம, மூணு மூணு செகண்டுல. மனுஷன் கையா இது?" என்றார். "இன்னும் கேளு. நடுவுல இதெல்லாம் இன்னா?"

நான் அட்டவணையில் சேர்க்காத வரிகளை அவர் விரல் தொட்டது. ஒன்றாம் எண்ணைப் பார். ஒன்றாம் எண்ணைத் திருத்து. ஒன்றாம் எண்ணை நீக்கு. இரண்டாம் எண்ணைப் பார். இரண்டாம் எண்ணைத் திருத்து. இரண்டாம் எண்ணை நீக்கு. கடைசி வரை அப்படியே. என் பட்டியல் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் மூன்று இணைப்புகள் இருக்கும்: பார், திருத்து, நீக்கு. அதே வரிசை.

"அழிக்க வந்தவன் எதுக்குடா ஒவ்வொருத்தரையும் பாத்துட்டு, திருத்தற பக்கத்த தொறந்துட்டு, அப்புறம் அழிக்கணும்? எங்க யார்டுல கண்டெய்னர் பொட்டி எடுக்க வர்றவன் அவன் பொட்டிகிட்டதான் போவான். மொத வரிசை மொத பொட்டிலேர்ந்து எல்லாத்தையும் தட்டிகினே போனா, அவன் எடுக்க வரல. எல்லாத்தையும் பாக்க வந்தவன்."

"ஆனா சிடி எடுத்திருக்காரே அக்கா."

"எடுத்தத எழுதியும் வெச்சிகீறாரே. கெடுதல் பண்ண வந்தவன் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டா போவான்?"

பிறகு அவர் விரல் வரியின் கடைசிக்குப் போனது.

"எல்லா வரியும் 'கெட்'டுன்னு முடியுதே. பாக்கறதுக்கும் கெட்டு, நீக்கறதுக்கும் கெட்டா? மிஸ் வேற இன்னாவோ சொன்னாங்களே."

மிஸ் சொன்னது எனக்கு நன்றாகவே தெரியும். தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தைப் பார்க்க மட்டும் கேட்டால் அந்தக் கோரிக்கைக்குப் பெயர் 'கெட்'. அழிக்கச் சொல்லிக் கேட்டால் 'டெலீட்'.

"தெரியல அக்கா" என்றேன்.

"உன் நோட்டுல இருக்கும். தா."

"வூட்ல வெச்சிட்டேன்."

நோட்டு என் பையில் இருந்தது. பை அவர் காலடியில் இருந்தது. நீல அட்டையின் முனை வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு எடுத்துகினு வா."

11.11.2009, புதன், காலை 11.20.

எடைமேடையில் கம்பி ஏற்றிய லாரி ஒன்று இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் நோட்டை எடுத்து 61ஆம் பக்கத்தைப் படித்தேன். மூன்று முறை படித்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நோட்டு வாங்கிய அன்றே ஒன்றிலிருந்து இருநூறு வரை எல்லாப் பக்கத்துக்கும் சிவப்பு மையில் எண் போட்டிருந்தேன். 60க்கு அடுத்து 63 வந்தால் யாரும் கண்டுபிடிப்பார்கள். நான் கிழிக்காததற்குக் காரணம் நேர்மை இல்லை. பக்க எண்தான்.

மாலை 6.45.

மிஸ், அலெக்ஸாண்டர் அண்ணன், ஜஹானாரா அக்கா, நான். அண்ணன் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து நேரே வந்திருந்தார். பேன்ட் முழங்கால் வரை ஈரம். ஜஹானாரா அக்கா என்னிடம் மூன்று பொய்ப் பெயர்களை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். மொத்தம்: 3.

அவர் நாலாம் நம்பரில் உட்கார்ந்து ஒரு சாஃப்ட்வேரைத் திறந்தார். நெட் இல்லாத வீட்டில் வைத்துப் படிப்பதற்காக ஒரு தளத்தின் எல்லாப் பக்கங்களையும் மொத்தமாக இறக்கித் தரும் சாஃப்ட்வேர். சென்டரில் பாதிப் பேர் அதைப் பயன்படுத்துவோம். எங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்து, 'இறக்கு' என்றார்.

பன்னிரண்டு செகண்டு.

"லோகு, ஆறாம் நம்பர்ல பாரு."

மொத்தம்: 0.

மிஸ் எட்டி என் திரையைப் பார்த்தார்.

"இது ஒரு பக்கத்துல எத்தினி இணைப்பு கீதோ அத்தினியையும் வரிசையா தொறந்து பாக்கும் மிஸ்" என்றார் ஜஹானாரா அக்கா. "பார்னு இருந்தா பாக்கும். நீக்குன்னு இருந்தா அதையும் தொறக்கும். அதுக்குப் படிக்கத் தெரியாது. 'நிச்சயமா?'ன்னு கேக்கற பொட்டியும் அதுக்கு வராது. அலெக்ஸண்ணே, ஞாயித்துக்கிழமை இதத்தானே பண்ணீங்க?"

அலெக்ஸாண்டர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்துவிட்டது.

"ஆமாம்மா. லோகு பண்ண சைட்டு. கிளாஸ்ல இவன் பேசறது எனக்கு வெளங்கமாட்டேங்குது. எல்லாரும் சின்னப் பசங்க, திரும்பத் திரும்ப கேக்க வெக்கமா கீது. மச்சான் வூட்ல கம்ப்யூட்டர் கீது, நெட்டு இல்ல. சிடில போட்டுகினு போனா நைட்ல குந்தி மெதுவா பாக்கலாம்னு…" சுவரைக் காட்டினார். "சொன்னா காப்பின்னுவீங்க. சர்டிபிகேட் பூடும். சொல்லலன்னாலும் பூடும். சரி, போவட்டும்னு வுட்டுட்டேன்." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அய்யய்யோ. அப்போ அழிச்சது நான்தானா?"

"இல்லண்ணே. நீங்க பாக்கத்தான் வந்தீங்க. பாக்க வந்தவன் கை பட்டா பொட்டி வெளிய போற மாதிரி யாரோ வெச்சிகீறாங்க." அக்கா ஆறாம் நம்பருக்கு மாறி ஒரு ஃபைலைத் திறந்தார். எந்த முகவரி வந்தால் எந்த வேலையைச் செய்வது என்று வரிசையாகச் சொல்லும் ஃபைல். ரவுட்ஸ் ஃபைல் என்போம். "எங்க யார்டுல ரெண்டு கேட்டு. முன் கேட்டுல, பாக்க வந்தியா, எடுக்க வந்தியா, பேப்பர் கீதான்னு கேப்போம். மிஸ் சொல்லிக் குடுத்த வரி அந்த முன் கேட்டு. பாக்கறதுக்கு கெட், அழிக்கறதுக்கு டெலீட், ரெண்டையும் பிரிச்சுதான் உள்ள வுடும். ஆனா அடில கீது பாருங்க, கடைசி ரெண்டு வரி. அது பின் கேட்டு. எந்த முகவரி எப்படி வந்தாலும் உள்ள வுட்டுடும்."

"அந்த ரெண்டு வரியை எடுத்துடச் சொன்னேனே" என்றார் மிஸ். "மூணாவது வகுப்புலயே சொன்னேன்."

"எடுத்துகீறாங்க. திரும்ப வந்துகீது. அதுக்கு மேலயே இங்கிலீஷ்ல குறிப்பு வேற கீது. இந்த வரிங்க எல்லா வேலையையும் வெறும் கெட்டால தொறந்து வுட்டுடும், எடுத்துட்டா நல்லதுன்னு."

அந்தக் குறிப்பு # என்ற சார்ப் குறி போட்டுத் தொடங்கும். சார்ப் குறி போட்ட வரிகளை மெஷின் படிக்காது என்று மிஸ் சொல்லியிருந்தார். அதனால் நானும் படித்ததில்லை.

"யாரு தொறந்து வெச்சாங்கன்னு நான் சொல்லணுமா?" என்றார் ஜஹானாரா அக்கா. இந்த முறையும் அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பையைத்தான் பார்த்தார்.

மணி 7.02.

நோட்டை எடுத்தேன். 61ஆம் பக்கம். எழுந்து நின்று படித்தேன். பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்பது போல இருந்தது.

"5.11.2009, வியாழன், மாலை 7.50. நீக்கு இணைப்பை அழுத்தினால் 'இந்த முகவரிக்கு வழி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. எட்டு மணிக்கு எல்லோருக்கும் காட்ட வேண்டும். ரவுட்ஸ் ஃபைலில் மிஸ் எடுக்கச் சொன்ன கடைசி இரண்டு வரிகளைத் திரும்பப் போட்டேன். நீக்கு வேலை செய்கிறது. ஏன் என்று தெரியவில்லை."

எட்டு மணிக்கு எல்லோரும் கை தட்டினார்கள். முதலில் தட்டியவர் அலெக்ஸாண்டர் அண்ணன். அது நோட்டில் இல்லை.

நீக்கு இணைப்பின் முகவரியை முதல் இரண்டு வகுப்புகளில் படித்த பழைய முறையில் நான் கையால் எழுதியிருந்தேன். அது முன் கேட்டில் செல்லாது. அந்தச் சிவப்பு எழுத்து அதைத்தான் எனக்குச் சொன்னது. இணைப்பைத் திருத்தியிருக்க வேண்டும். எனக்கு வழி தெரியவில்லை, கேட்க மனமில்லை. மிஸ் என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது.

"நான்தான்" என்றேன். "நேத்தே தெரியும். நோட்டு பையிலதான் இருந்துச்சு."

மிஸ் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "படிக்கறதுக்கு எடுத்துட்டுப் போறது காப்பி இல்ல அலெக்ஸாண்டர். நீங்க எழுதின புராஜெக்ட்ல அத்தனை தப்பு இருக்கு, அது உங்களோடதுதான்னு எனக்குத் தெரியும்." பிறகு குரல் இறங்கியது. "ஃபாரத்தையெல்லாம் தூக்கிப் போட்டவ நான். அவசரப்பட்டு உங்க மேல பாய்ஞ்சதும் நான். சர்டிபிகேட்ல இப்பவே கையெழுத்துப் போடறேன். ஆனா அந்த நூத்தி நாப்பத்து மூணு பேருக்கு என்ன பதில் சொல்றது?"

ஜஹானாரா அக்கா முதல் முறையாகச் சிரித்தார். "மிஸ், பதிவ இன்னொரு தபா பாருங்க. ஒவ்வொருத்தரையும் நீக்கறதுக்கு முன்னாடி அது இன்னா பண்ணுச்சு?"

பார். திருத்து. நீக்கு.

நீக்குவதற்கு முன் ஒவ்வொரு பெயரின் பக்கத்தையும் அது பார்த்திருக்கிறது. பார்த்ததை இறக்கியிருக்கிறது. இறக்கியது சிடியில் இருக்கிறது.

அலெக்ஸாண்டர் அண்ணன் சட்டைக்குள் கையை விட்டார். பாலிதீன் கவரில் சுற்றிய சிடி. மூன்று நாளாக அதை வெளியே எடுக்கப் பயந்து உடம்போடு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "மீனுக்குப் போடற கவரு, நாத்தம் அடிக்கும், கண்டுக்காதீங்க" என்றார்.

சிடி சுழன்றது. முதல் பெயர் வந்தது. ரத்த வகை, போன் நம்பர், எல்லாம் இருந்தன.

மாலை 7.25. முதலில் அந்த இரண்டு வரிகளை எடுத்தேன். நீக்கு இணைப்பையும் எடுத்துவிட்டு, டெலீட் கோரிக்கை அனுப்பும் பொத்தானாக மாற்றினேன். எப்படி என்று ஃப்ளோரா மிஸ்ஸைக் கேட்டேன். ஐந்து நிமிட வேலை. ஜஹானாரா அக்கா மறுபடி மூன்று பொய்ப் பெயர்களை ஏற்றி, அதே சாஃப்ட்வேரை ஓட விட்டார். மொத்தம்: 3.

பொய்ப் பெயர்களை எடுத்துவிட்டு உண்மையானவற்றை ஏற்ற உட்கார்ந்தேன். அலெக்ஸாண்டர் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு, சிடியில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பெயரை வாசித்தார். நான் தட்டினேன். மூன்றாவது பக்கத்தில்தான் கவனித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், நான் ஆசை ஆசையாக வைத்த வரி இருந்தது: "உருவாக்கியவர்: லோகநாதன்". அவர் அந்த வரியை வாசிக்கவில்லை. பெயர், ரத்த வகை, போன் நம்பர், அடுத்த பக்கம். ஒவ்வொரு முறையும் அதன்மேல் என் கண் போனது. அன்று பாதி, மறுநாள் மாலை மீதி.

12.11.2009, வியாழன், மாலை 7.40. மொத்தம்: 143.

"முடிஞ்சுதா மாமு?"

"முடிஞ்சுதுண்ணே."

"அந்தக் கோடு போட்ட பேப்பர் கீதே, அத்தக் குடு."

"எதுக்குண்ணே?"

"யார்டுல நானும் இந்த மாதிரிதான் எழுதணுமாம். ஜஹானாரா சொல்லிச்சு. பாத்துப் பழகிக்கறேன். நல்லா போட்டுகீற லோகு. அடில ஒரு வரிதான் தப்பு."

அட்டவணையை நோட்டிலிருந்து எடுத்தேன். அடியில் இருந்த பெயரை அடித்துவிட்டு, அதே சிவப்பு மையில் என் பெயரை எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி மடிக்கும் சத்தம் கேட்டது. படித்துவிட்டு மடித்தாரா, படிக்காமலே மடித்தாரா என்று தெரியவில்லை. என்னால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.